மடிப்பை இறக்கிவிடுதல்

எங்கள் தெரு முக்கில் போன மாதம் இரண்டு வண்டிகள் உரசிக்கொண்டன. காலை ஏழரை மணி. நான் பால் பாக்கெட்டோடு நின்றிருந்தேன். ஸ்கூட்டரில் வந்தவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அரைக்கால் சட்டையும் தூங்கி எழுந்த டீ-ஷர்ட்டுமாக, பிள்ளையைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். பைக்கில் வந்தவன் இருபத்தைந்து வயதுப் பையன், அவனும் அரைக்கால் சட்டைதான். பைக்கின் பக்கக் கண்ணாடி உடைந்து ரோட்டில் கிடந்தது.

"ப்ரோ, பாத்து வரமாட்டீங்களா ப்ரோ?"

"நீங்கதான் ப்ரோ இண்டிகேட்டர் போடாம திரும்புனீங்க."

"யாரு, நானா? ஏய், அளந்து பேசு."

"மரியாதையாப் பேசு."

"உனக்கு என்னடா மரியாதை?"

அரை நிமிடம்கூட ஆகவில்லை. கண்ணாடியும் இண்டிகேட்டரும் காணாமல் போய்விட்டன. யார் யாரை 'நீ' என்று முதலில் சொன்னது என்பதுதான் இப்போது வழக்கு. சட்டென்று இருவர் கையும் பைக்குள் போயின. இருவரும் செல்போனை எடுத்து ஒருவரை ஒருவர் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், போன் வெளியே வந்ததும் 'இவர்' திரும்பி வந்துவிட்டார். "பாருங்க மக்களே, இவரு எப்படிப் பேசுறாருன்னு பாருங்க." எதிரே நிற்பவனுக்குக் கிடைக்காத பன்மை, எப்போதோ எங்கேயோ பார்க்கப்போகிற முகம் தெரியாதவர்களுக்காகக் கிடைத்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் மடித்துக் கட்ட எதுவும் இல்லை.

வேட்டி கட்டிய ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். எங்களுடையது திருநெல்வேலிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். அங்கே ஆண்களின் கோபதாபம் எல்லாம் முழங்காலுக்கு மேலும் கீழுமாகத்தான் நடந்தது. நாலு முழ வேட்டியோ, சாரம் என்கிற கைலியோ, தெருவில் நடக்கும்போது முழங்கால் வரை மடித்துக் கட்டியிருப்பார்கள். எதிரே வயதில் பெரியவர் வந்தால், கோயில் வாசல் வந்தால், அடுத்த வீட்டுப் பெண்பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேச வேண்டியிருந்தால், மடிப்பு இறங்கும். அதற்கென்று குனிய வேண்டியதில்லை. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டு விரல் இடுப்புக்குப் போகும், துணி தானாகக் கணுக்காலுக்கு வந்துவிடும். பையன்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. முதல் தடவை சாரம் கட்டும்போதே கூடவே வந்துவிடும்.

சண்டைக்கு நேர் எதிர். முழங்கால் வரை மடித்தால் வேலை. தொடை தெரிய ஏற்றினால் வம்பு. எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் வேட்டியை அவிழ விட்டுக்கொண்டு அடிக்க முடியாதில்லையா? கீழ்விளிம்பைப் பிடித்துத் தூக்கி, உதறி, இடுப்பில் செருகி இறுக்க வேண்டும். இரண்டு மூன்று நொடியாவது ஆகும். பார்த்துக்கொண்டிருக்கும் ஊருக்கு அது போதும். "ஏய், வேட்டிய ஏத்திக் கட்டிட்டான்டா" என்று ஒருவர் ஓடிவந்து நடுவில் விழுந்துவிடுவார்.

எழுபதுகளின் நடுவில், தென்மேற்குப் பருவம் பிந்திய ஒரு கார் சாகுபடியில், எங்கள் வயக்காட்டு மடையில் நடந்தது இது. ஒருவர் எங்கள் பெரியப்பா, இன்னொருவர் வரப்புப் பங்காளி. எனக்குப் பத்து வயது. சாப்பாட்டுத் தூக்கோடு போயிருந்தேன்.

"என்னவே, மடைய அடைச்சது நீரா?"

"ஆமா, நான்தான் அடைச்சேன். இன்னைக்கு எம்முறைதானவே?"

"உம்ம முறை விடியமுன்னயே முடிஞ்சுபோச்சு, தெரியும்லா?"

திருநெல்வேலிப் பேச்சில் 'நீ'க்கும் 'நீங்க'வுக்கும் நடுவில் 'நீரு' என்று ஒரு திண்ணை உண்டு. உள்ளேயும் விடாமல் தெருவிலும் நிறுத்தாமல் ஒரு ஆளை உட்காரவைக்கிற இடம். அதில் உட்கார்ந்துகொண்டு ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் குத்திக்கொள்ளலாம். பெரியப்பா வேட்டியை ஏற்றிக் கட்டினார். பங்காளியும் ஏற்றினார். மண்வெட்டியோடு நீர்பாய்ச்சி ஒருவர் இரண்டு எட்டு பின்னால் தள்ளி நின்றார். 'நீரு' போய் 'ஏல' விழப்போகிறது என்று தெரிந்த அந்தக் கணத்தில் கரைமேல் சைக்கிள் மணி கேட்டது. ரிட்டயரான பெரிய வாத்தியார். இருவருக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். சைக்கிளை விட்டு அவர் இறங்குவதற்குள் இரண்டு வேட்டியும் கணுக்காலில் இருந்தன. "அண்ணாச்சி, நீங்களே கேளுங்க இந்த நியாயத்த" என்றார் பெரியப்பா. இறக்கிவிட்ட வேட்டியோடு யாராலும் அடிக்கப் போக முடியாது. சண்டை வழக்காக மாறிவிட்டது. வழக்கு முடிய இரண்டு வருஷம் ஆனது என்பது வேறு கதை.

பெண்களுக்கும் இது உண்டு. குழாயடியில் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிவிட்டால், அடுத்து வரப்போவது வசவு என்று வரிசையில் நிற்கும் குடங்களுக்குக்கூடத் தெரியும். செருகிய முந்தானை திரும்பத் தோளுக்கு வந்தால் ஆட்டம் முடிந்தது என்று பொருள். இன்றைக்குக் குழாயடியில் நைட்டி. நைட்டியில் செருக என்ன இருக்கிறது? அதன்மேல் மார்பை மறைத்துப் போடும் துண்டு ஒன்றுதான் மிச்சம். கோபம் வந்தால் அந்தத் துண்டை எடுத்து இன்னும் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். அந்தத் துண்டைப் பற்றி யாராவது நல்ல கட்டுரை எழுத வேண்டும். வீட்டு உடை ஒன்று தெருவுக்கு வருவதற்கு வாங்கிக்கொண்ட அனுமதிச் சீட்டு அது. 2018-இல் ஆந்திரத்தில் மேற்குக் கோதாவரி மாவட்டத்துக் கிராமம் ஒன்று, பெண்கள் பகலில் நைட்டி போட்டுக்கொண்டு வெளியே வந்தால் 2,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. பகலெல்லாம் பனியனும் லுங்கியுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அப்படி அபராதம் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆண்களின் துண்டுக்கு வருகிறேன். அதுபோல உழைத்த துணி கிடையாது. வியர்வை துடைக்க, சும்மாடு கட்ட, தரையில் விரித்துப் படுக்க, பிள்ளையைப் போர்த்த. பஸ் வந்து நிற்பதற்கு முன்னால் ஜன்னல் வழியே எறிந்து இடம் பிடிக்க. அந்த இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, "துண்டு போட்டிருக்கேன்லா, கண்ணு தெரியலயா?" என்று தொடங்கிய தகராறுகள் எத்தனை! கடன்காரன் கழுத்தில் போட்டு முறுக்குவதும் துண்டுதான். தோற்று ஓடுகிறவன் காணாமல் போக்குவதும் அதைத்தான்.

இதுவரை நான் எழுதியதைப் படித்துவிட்டு, "ஆஹா, அந்தக் காலத்து மரியாதை!" என்று யாராவது பெருமூச்சு விட்டால், அந்தத் துண்டு கக்கத்துக்குப் போன கதையையும் கேட்க வேண்டும். பெரிய தெருவுக்குள் நுழையும்போது தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டியவர்கள் யார்? செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டியவர்கள் யார்? பெரியப்பா மடிப்பை இறக்கியது அவராக இறக்கியது. மறுநாளே வாத்தியாரோடு மனஸ்தாபம் வந்திருந்தால் இறக்காமலே போயிருப்பார். பேச்சுவார்த்தை நின்றிருக்கும், அவ்வளவுதான். துண்டைக் கக்கத்தில் இடுக்காதவருக்கு அடி விழுந்திருக்கும். ஏறக்குறைய ஒரே கையசைவு. ஒன்றைப் பண்பாடு என்றோம். இன்னொன்றுக்குப் பெயரே வைக்கவில்லை.

சுயமரியாதை இயக்கத்தார் இன்றும் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. செட்டிநாட்டுக் கல்யாண ஊர்வலம். நாகசுரம் மதுரை சிவக்கொழுந்து. வியர்வை துடைக்கத் தோளில் துண்டு போட்டிருந்தார். வாசிக்க வந்தவன் தோளில் துண்டா என்று ஊர்ப் பெரியவர்களுக்குக் கோபம், எடுக்கச் சொன்னார்கள். கூட வந்துகொண்டிருந்த இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரிசாமி, எடுக்காதே என்றார். ஊர்வலம் அங்கேயே நின்றது. ஒரு முழத் துணி தோளில் இருப்பதா இடுப்பில் இருப்பதா என்பதற்காகக் கல்யாண ஊர்வலமே நின்றுபோகும் என்றால், அது வெறும் துணியாக இருக்க முடியாது.

இன்னும் பின்னால் போனால் தென்திருவிதாங்கூர். நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்துவதற்காக 1822-இல் தொடங்கிய தோள்சீலைக் கலகம் முப்பத்தேழு வருஷம் விட்டுவிட்டு எரிந்தது. 1859 ஜூலையில் மன்னர் உத்திரம் திருநாள் வெளியிட்ட பிரகடனம் மறைக்கலாம் என்று அனுமதித்தது. அதிலும் ஒரு வால்: மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது. மறைத்துக்கொள், ஆனால் மறைத்திருப்பது யார் என்று தெரியும்படி மறைத்துக்கொள்.

இதெல்லாம் பழங்கதை என்பவர்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தத்தைப் பார்க்கலாம். பொது இடத்தில் செருப்புப் போடுவதையும் புதுத்துணி உடுத்துவதையும் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போவதையும் தடுப்பது குற்றம் என்று அதில் எழுத வேண்டியிருந்தது. புதுத்துணி உடுத்துவதைத் தடுப்பார்கள் என்று தெரியாமல் எந்த நாடாளுமன்றமும் அப்படி ஒரு வரியை எழுதாது.

ஆகவே பேண்ட் வந்தது நல்லதுதான். பேண்ட்டை மடித்துக் கட்ட முடியாது என்பது ஒருபக்கம். யாருக்காகவும் இறக்கிவிடவும் முடியாது என்பது இன்னொரு பக்கம். வயலில் இருந்து கல்லூரிக்குப் போன முதல் தலைமுறைப் பையன் பேண்ட் போட்டுக்கொண்டு ஊர்த் தெருவில் நடந்தபோது, பெரியவர்களுக்கு உறுத்தியது பேண்ட்டின் வெட்டு இல்லை. இறக்குவதற்கு அவனிடம் மடிப்பு இல்லாமல் போனதுதான். காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் சட்டையைத் துறந்து அரைவேட்டிக்கு மாறினார். அம்பேத்கர் கோட்டையும் டையையும் கடைசிவரை விடவில்லை. துறப்பதற்கு முதலில் கைவசம் சட்டை இருக்க வேண்டும். கோட் போட்ட அம்பேத்கர் சிலையைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்துக் காவல் காக்கும் ஊர்களில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

நடுவில் அரசும் நீதிமன்றமும் நமக்கு உடுத்தக் கற்றுக்கொடுக்க முயன்றதையும் சொல்லிவிடுகிறேன். 2014 ஜூலையில் சேப்பாக்கம் கிரிக்கெட் சங்கத்துக் கிளப்பில், புத்தக வெளியீட்டுக்கு வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை வாசலிலேயே நிறுத்தினார்கள். அடுத்த மாதமே சட்டம் வந்தது: வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். 2015 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயிலுக்கு உடைக் கட்டுப்பாடு விதித்தது. 2016 புத்தாண்டு அன்று கோயில் வாசல்களில் லுங்கி, பெர்முடாஸ், ஜீன்ஸ், லெக்கிங்ஸ் கூடாது என்று பலகை வைத்தார்கள். சில வாரங்களில் அந்த உத்தரவுக்குத் தடை வந்தது. பல இடங்களில் பலகை மட்டும் நின்றது. 2019-இல் அரசு ஊழியர்களுக்கு ஆணை: பெண்கள் புடவை, சல்வார் அல்லது துப்பட்டாவோடு சுடிதார், ஆண்கள் பேண்ட் சட்டை அல்லது வேட்டி. கிளப் வாசலில் வேட்டி கட்டியவர் நின்றபோது நமக்கு எல்லோருக்கும் ரத்தம் கொதித்தது. கோயில் வாசலில் கைலி கட்டியவரைத் திருப்பி அனுப்பியபோது அவ்வளவு கொதிக்கவில்லை. வேட்டி பண்பாடு, கைலி உழைப்பாளி உடுப்பு. காவலாளியின் கை யாருடைய மார்பில் படுகிறது என்பதைப் பொறுத்து நம் சூடும் ஏறி இறங்குகிறது.

உடுப்பில் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். வாயில்தான் வரவில்லை.

"ஒருமையில் பேசினார்" என்பது நம் நாளிதழ்களில் வாரம் ஒரு முறையாவது வரும் வாக்கியம். அதிகாரி ஒருமையில் பேசினார், கவுன்சிலர் ஒருமையில் பேசினார், ஊழியர்கள் உள்ளிருப்புப் போராட்டம். இலக்கணச் சொல் ஒன்று போராட்டக் காரணமாகச் செய்தியில் வருவது எத்தனை மொழிகளில் நடக்கும்? ஒருவரைப் பன்மையில் சொல்வதைத் தொல்காப்பியமே கவனித்திருக்கிறது. வழக்கில் அப்படி உயர்த்திச் சொல்வார்கள், இலக்கண முறை அதுவல்ல என்று கிளவியாக்கத்தில் ஒரு குறிப்பும் போட்டிருக்கிறது. இலக்கணம் தள்ளிவைத்ததைத்தான் நாம் இரண்டாயிரம் வருஷமாகப் பிடித்துக்கொண்டு அடித்துக்கொள்கிறோம்.

எங்கள் தெரு முக்கில் கேட்ட அந்த "மரியாதையாப் பேசு" என்ற வாக்கியத்தை ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள். மரியாதை கேட்கும் வாக்கியமே மரியாதை இல்லாத ஒருமையில் இருக்கிறது. "மரியாதையாப் பேசுங்க" என்று சொல்லலாம், யாரும் சொல்வதில்லை. சொன்னால் பயந்துவிட்டான் என்று ஆகிவிடுமாம். கொங்கு நாட்டில் மட்டும் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். "ஏனுங்க, வண்டிய இப்படியா நிறுத்தறதுங்க? அறிவில்லீங்களா?" என்று 'ங்க' குறையாமல் காறித் துப்ப அவர்களால் முடியும். அடி விழும்போதுகூட அந்த 'ங்க' கடைசியில்தான் உதிரும்.

யாருக்கு எப்போது உதிர்கிறது என்பதுதான் கேள்வி. 2021 மே மாதம் அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. சில்லறைச் சண்டை ஒரு பாதி குறைந்தது. அந்த இடத்தில் 'ஓசி' என்ற சொல் வந்து உட்கார்ந்தது. 2022-இல் ஒரு மேடையிலேயே அந்தச் சொல் விழுந்து பெரிய சர்ச்சையானது. பஸ்ஸில் நானே பார்த்தேன். ஐ.டி. அட்டை மாட்டிய பெண்ணிடம், "உள்ள போங்க மேடம்." அடுத்தாற்போல் பூக்கூடையோடு ஏறிய கிழவியிடம், "ஏறு, ஏறு. ஓசிதானே, நின்னுட்டு வா." இரண்டு பேருக்கும் ஒரே கட்டணமில்லாச் சீட்டு. கிழவியின் புடவைதான் பழசு. கண்டக்டர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவர் கண் துணியைப் பார்த்தது, வாய் விகுதியைப் போட்டது. எனக்கும் உங்களுக்கும் அதே கண்தான். வாட்ச்மேனிடம் 'நீங்க', தெருக்கூட்டும் அம்மாவிடம் 'வாம்மா, போம்மா'. அந்த 'அம்மா'வைச் சேர்த்துவிட்டதால் ஒருமை சரியாகிவிட்டது என்று நம்பிக்கொள்கிறோம்.

பக்கத்து மாநிலத்தில் இதை எழுத்தில் கொண்டுவரப் பார்த்தார்கள். 2021 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், பொதுமக்களை 'எடா', 'எடி', 'நீ' என்று போலீஸ்காரர்கள் விளிக்கக் கூடாது என்றது, டி.ஜி.பி. சுற்றறிக்கை அனுப்பினார். அதே சமயத்தில் பாலக்காட்டு மாத்தூர் ஊராட்சி, அலுவலகத்துக்கு வரும் மக்கள் யாரையும் 'சார்', 'மேடம்' என்று கூப்பிட வேண்டியதில்லை என்று தீர்மானம் போட்டது. ஒன்று மேலிருந்து விழுவதைத் தடுத்தது, மற்றது கீழிருந்து ஏறுவதை. எனக்கு இரண்டாவது அதிகம் பிடித்திருக்கிறது. நம் ஊரில் காவல் நிலையத்துக்குள் போகிறவர் முதலில் பார்ப்பது தம் சட்டை கசங்கியிருக்கிறதா என்பதைத்தான். கசங்கிய சட்டைக்கு 'நீ' என்பது அவருக்குத் தெரியும்.

தெரு முக்குக்குத் திரும்புகிறேன். இரண்டு போனும் ஓடிக்கொண்டிருந்தபோது மூன்றாவதாக ஒருவர் போனை எடுத்தார், நான்காவதாக இன்னொருவர். முன்பெல்லாம் நடுவில் வந்து விழும் ஒருவர் இருப்பார். இரண்டு கையையும் விரித்து, "விடுங்கப்பா, விடுங்கப்பா, காலங்காத்தால" என்பார். யார் பக்கம் நியாயம் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. அடி அவர் மேலும் விழலாம். அவர் இப்போது படம் பிடிக்கிறார். நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பால் பாக்கெட்டை ஒரு கையில் இருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு நின்றேன். பேண்ட் போட்டிருந்தேன். பிறகு வேன் ஓட்டி வந்த ஒருவர் ஹாரன் அடித்து, இரண்டு பேரையும் திட்டி, வழியை வாங்கிக்கொண்டு போனார். கண்ணாடிக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று தெரியாது.

அந்த மடைச் சண்டையை நான் பல வருஷமாக, பல பேரிடம், நம் பழைய நாகரிகத்துக்கு உதாரணமாகச் சொல்லி வந்திருக்கிறேன். 'நீரு' என்ற திண்ணையைப் பற்றி, இரண்டு வேட்டியும் ஒரே சமயத்தில் இறங்கியதைப் பற்றி. பின்னால் தள்ளி நின்ற நீர்பாய்ச்சியை அதில் சேர்த்ததே இல்லை. முறை எப்போது முடிந்தது, மடையை யார் அடைத்தது என்று பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவரை யாரும் கேட்கவில்லை. கோவணமும் கக்கத்தில் துண்டுமாக நின்ற அவருக்கு இறக்கிவிட மடிப்பும் இல்லை. வாத்தியார் வந்து எல்லாம் அடங்கிய பிறகு பெரியப்பா அவரைப் பார்த்து, "ஏல, மடையத் தொற" என்றார். பங்காளியும் அதையேதான் சொன்னார்.

தூக்குச்சட்டியை வரப்பில் வைத்துவிட்டுக் கிளம்பும்போது நானும் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னேன். "சட்டிய வீட்டுக்கு எடுத்துட்டு வந்திரு." அவருக்கு அப்போது அறுபது வயது இருக்கும்.